மார்மன் சிந்தனையில் விசுவாசம், பகுத்தறிவு, வேத விளக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைப் பற்றித் தமிழில் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் மூன்று விஷயங்களைச் சுற்றியே வருகின்றன: எது வேதம், அதை யார் விளக்குவது, அங்கே புத்திக்கு வேலை உண்டா. கேட்பவர்களில் சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே விசுவாசிகள் உண்டு, கடவுள் மறுப்பாளர்கள் உண்டு, சபைக்குள் இருந்துகொண்டே வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிறவர்களும் உண்டு. கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறோம். 'மார்மன்' என்ற பெயரைத் தவிர்க்கும்படி சபைத் தலைமை 2018 முதல் கேட்டுக்கொள்கிறது. இங்கே சுருக்கம் கருதியே அது வருகிறது.

1. மார்மன்காரங்க பைபிளைப் படிக்கிறாங்களா, இல்ல அவங்களுக்குத் தனிப் புஸ்தகமா?

இரண்டும் உண்டு. வேதாகமம், மார்மன் புஸ்தகம், கோட்பாடும் உடன்படிக்கைகளும் (இனி கோ.உ.), விலையேறப்பெற்ற முத்து என நான்கு நூல்கள் அவர்களுக்கு வேதம். பண்டைய அமெரிக்க மக்களின் பதிவிலிருந்து மொழிபெயர்த்ததாகச் சபை சொல்லும் மார்மன் புஸ்தகம் 1830 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்துப் பால்மைரா ஊரில் 5,000 பிரதிகள் அச்சாயிற்று. அதே ஆண்டு ஏப்ரல் 6 அன்று ஜோசப் ஸ்மித் சபையை நிறுவினார். கோ.உ. பெரும்பாலும் அவர் பெற்றதாகச் சொன்ன வெளிப்படுத்தல்களின் தொகுப்பு. இன்றைய பதிப்பில் 138 பாகங்களும் இரண்டு அதிகாரபூர்வப் பிரகடனங்களும் இருக்கின்றன. முத்து என்பது சிறிய நூல். மோசே, ஆபிரகாம் பெயரிலான நூல்களும் 13 விசுவாசப் பிரமாணங்களும் அதில்தான் உள்ளன.

வேதப் பட்டியல் இன்னும் மூடப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தேவன் இனியும் பல பெரிய காரியங்களை வெளிப்படுத்துவார் என்கிறது ஒன்பதாம் பிரமாணம். கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்த ஒரு நிலைப்பாட்டிலிருந்து பிறப்பவை.

2. பைபிளை நம்புறோம்னு சொல்லிட்டு, "சரியா மொழிபெயர்க்கப்பட்ட அளவுக்கு"ன்னு ஏன் ஒரு கொக்கி போடுறாங்க?

அந்த வாசகம் எட்டாம் பிரமாணத்தில் இருக்கிறது. வேதாகமம் கை மாறி வந்தபோது தெளிவான, விலையேறப்பெற்ற பகுதிகள் பல விடுபட்டுப்போயின என்று 1 நேபி 13 சொல்கிறது (நேபி, பின்னால் வரும் மரோனி, ஆல்மா, மோசியா எல்லாம் மார்மன் புஸ்தகத்தின் பகுதிகள்). ஆகவே எழுத்துக்கு எழுத்து பிழையற்ற வேதம் என்ற கொள்கை அவர்களுக்கு இல்லை. தங்கள் சொந்த நூலுக்கும் அதைக் கோருவதில்லை. மார்மன் புஸ்தகத்தின் முகப்புப் பக்கமே, குறை இருந்தால் அது மனிதரின் தவறு என்கிறது. வெளிப்படுத்தல்கள் ஊழியர்களுக்கு அவர்களுடைய பலவீனத்தில், அவர்கள் பேசும் விதத்தில் கொடுக்கப்பட்டன என்கிறது கோ.உ. 1:24.

1830 ஜூன் முதல் 1833 ஜூலை வரை ஜோசப் ஸ்மித் வேதாகமத்தைத் திருத்தி எழுதினார். மூல ஏடுகளை ஒப்பிட்டுச் செய்த வேலையல்ல அது. எபிரெயத்தை அவர் ஒழுங்காகப் படித்ததே பிறகு, 1836இல், ஒஹாயோ மாநிலத்துக் கர்ட்லாந்தில் ஜோஷுவா செய்ஷாஸ் என்ற ஆசிரியரிடம். திருத்தத்தின் கையெழுத்துப் படிகள் நெடுங்காலம் இன்னொரு கிளைச் சபையிடம் இருந்தன. யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தச் சபை (இனி யூட்டா சபை) 1979இல் வெளியிட்ட ஆங்கில வேதாகமத்தின் அடிக்குறிப்புகளில்தான் அவற்றின் பகுதிகள் பரவலாக இடம்பெற்றன. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பை வைத்துப் படிப்பவர்கள் கண்ணில் இந்தக் குறிப்புகள் படாது.

நடைமுறையில் ஒரு தவறு நிறைய நடக்கிறது. பிடிக்காத வசனம் வந்தால் 'அது மொழிபெயர்ப்புப் பிழை' என்று தள்ளிவிடுவது. எட்டாம் பிரமாணம் அந்த உரிமையை யாருக்கும் கொடுக்கவில்லை. ஜோசப் ஸ்மித்தின் திருத்தத்திலோ மற்ற மூன்று நூல்களிலோ ஆதாரம் காட்ட முடியாவிட்டால் வசனத்தை அப்படியே எதிர்கொள்ள வேண்டியதுதான்.

3. வெளிப்படுத்தின விசேஷம் 22:18-ல ஒண்ணும் கூட்டக்கூடாதுன்னு தெளிவா இருக்கே?

அந்த எச்சரிக்கை அந்த ஒரு நூலைக் குறித்தது என்பது சபையின் பதில். யோவான் அதை எழுதியபோது 66 ஆகமங்களும் ஒரே கட்டாக இருக்கவில்லை. உபாகமம் 4:2இலும் இதே எச்சரிக்கை உண்டு, அதன் பிறகுதான் யோசுவா தொடங்கி மல்கியா வரை வந்தது. இந்த வாதம் நிற்கும்.

ஆனால் அது நிரூபிப்பது கொஞ்சம்தான். புதிய வேதம் வரக்கூடும் என்று மட்டும் காட்டுகிறதே தவிர, வந்தது வேதம்தான் என்று காட்டவில்லை. வேறு சுவிசேஷத்தை வானத்துத் தூதனே பிரசங்கித்தாலும் ஏற்காதே என்னும் கலாத்தியர் 1:8ஐ எடுத்துக் கேட்பவரின் கேள்வி இதைவிடக் கூர்மையானது. அதற்கு அவர்கள் சொல்லும் பதில் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

4. "படிங்க, ஜெபம் பண்ணுங்க, உங்களுக்கே தெரியும்"னு சொல்றாங்க. உணர்ச்சி எப்படி ஆதாரம் ஆகும்?

இதன் அடிப்படை மரோனி 10:3-5. படிப்பது, ஆதாம் நாள் முதல் தேவன் காட்டிய இரக்கத்தை நினைத்து உள்ளத்தில் சிந்திப்பது, உண்மையான நோக்கத்தோடும் கிறிஸ்துவில் விசுவாசத்தோடும் கேட்பது, பரிசுத்த ஆவியால் பதில் பெறுவது என்ற வரிசை அங்கே இருக்கிறது. கோ.உ. 9:7-9 இதற்கு முன்னால் இன்னொரு படியை வைக்கிறது: முதலில் உன் மனதில் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வா, பிறகு அது சரியா என்று கேள். ஜோசப் ஸ்மித்தே யாக்கோபு 1:5ஐப் படித்துவிட்டுத்தான் ஜெபிக்கப் போனதாகச் சொல்கிறார்: "உங்களில் ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால்... தேவனிடத்தில் கேட்கக்கடவன்."

ஆல்மா 32 இன்னும் நுட்பமானது. வார்த்தையை ஒரு விதையாக வைத்து, நட்டுப் பரிசோதித்துப் பார்க்கச் சொல்கிறது. விதை முளைத்தால் 'அந்தக் காரியத்தில்' மட்டும் உன் அறிவு பூரணம் என்கிறது 34ஆம் வசனம். மற்றவற்றில் இன்னும் விசுவாசம்தான், அதைக் கைவிடாதே என்று அடுத்த வசனங்கள் தொடர்கின்றன. இந்த எல்லையைப் பலர் கவனிப்பதில்லை. ஜெபத்தில் மன அமைதி கிடைத்தால், இந்த வார்த்தை என்னை நன்மைக்கு நடத்துகிறது என்று ஒருவர் சொல்லலாம். அங்கிருந்து ஒரே தாவலில் 'ஆகவே மார்மன் புஸ்தகம் சொல்கிறபடி பண்டைய அமெரிக்காவில் குதிரை இருந்தது' என்று போவதற்கு ஆல்மா அனுமதி தரவில்லை.

இது வெளியாருக்கு எடுத்துக் காட்டத்தக்க ஆதாரமல்ல. வேறு மதத்தவருக்கும் இத்தகைய அனுபவங்கள் உண்டு. சிலருக்கு அறியும் வரம், சிலருக்கு அப்படி அறிந்தவரின் வார்த்தையை நம்பும் வரம் என்று கோ.உ. 46:13-14 பிரிப்பதால், சபையாரில் எல்லாருமே 'எனக்குத் தெரியும்' என்று சொல்லியாக வேண்டும் என்றும் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு சாட்சிக் கூட்டத்தில் அந்த வாக்கியம் திரும்பத் திரும்ப ஒலிப்பதால் அப்படித் தோன்றுகிறது.

5. ஜெபம் பண்ணேன், ஒண்ணுமே வரல. நான் என்ன தப்பு பண்ணேன்?

தப்பு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. நெஞ்சு எரிவது போன்ற உணர்வு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் அடிக்கடி நடக்கும் குழப்பம். அந்த வாக்குறுதி (கோ.உ. 9:8) 1829 ஏப்ரலில் ஆலிவர் கௌட்ரி என்ற ஒருவருக்கு, மார்மன் புஸ்தக மொழிபெயர்ப்பு என்ற ஒரு வேலைக்காகச் சொல்லப்பட்டது. அதற்குச் சற்று முன் அதே மனிதருக்கு, உன் மனதிலும் இருதயத்திலும் சொல்வேன் என்றும் (கோ.உ. 8:2), உன் மனதுக்குச் சமாதானம் தந்தேனல்லவா என்றும் (6:23) வேறு விதங்களும் சொல்லப்பட்டிருக்கின்றன. ஊழியர்கள் குறித்துக் கொடுத்த இரண்டு மூன்று பக்கங்களை மட்டும் படித்துவிட்டுக் கேட்பது இன்னொரு குழப்பம். கேள்வி 4இல் சொன்ன ஆராயும் படி அங்கே விடுபட்டுப்போகிறது.

'பதில் வராவிட்டால் உன் நோக்கம் சரியில்லை என்கிறார்கள், அப்படியானால் இந்தச் சோதனை தோற்கவே தோற்காதே' என்று ஒரு பகுத்தறிவாளர் மடக்கினால், அந்த ஆட்சேபம் நியாயமானது. ஆனால் நூல் அவ்வளவு ஒருதலையாக இல்லை. கேட்டது சரியில்லை என்றால் சிந்தனை மந்தமாகி, அந்தக் காரியம் மறந்துபோகும் என்று கோ.உ. 9:9 'இல்லை' என்ற பதிலுக்கும் இடம் வைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்து பேசும் இளம் ஊழியர்கள் எட்டாம் வசனத்தைச் சொல்லும் அளவுக்கு ஒன்பதாம் வசனத்தைச் சொல்வதில்லை.

6. படிப்பு, அறிவு பத்தி அவங்க வேதம் என்ன சொல்லுது?

ஆச்சரியப்படும் அளவுக்கு நிறைய. படிப்பினாலும் விசுவாசத்தினாலும் கற்றலைத் தேடு (கோ.உ. 88:118), தேவனுடைய மகிமை அறிவுத்திறனே (93:36), அறியாமையில் ஒருவன் இரட்சிக்கப்பட முடியாது (131:6). முதல் வசனம் 1832 டிசம்பரின் கடைசியில் வந்தது. 1833இல் கர்ட்லாந்தில் 'தீர்க்கதரிசிகளின் பள்ளி' தொடங்கியதும், கேள்வி 2இல் வந்த எபிரெய வகுப்பும் அதன் நேரடி விளைவுகள். பாலைவனத்தில் குடியேறிய மூன்றே ஆண்டுகளில், 1850இல், யூட்டாவில் பல்கலைக்கழகத்துக்கு அடிக்கல் போட்ட மனநிலையும் அதுவே.

இதற்கு ஒரு தத்துவ அடித்தளமும் உண்டு. ஆவி என்பதும் பொருள்தான், நுண்ணிய பொருள் (131:7). அறிவுத்திறன் சிருஷ்டிக்கப்பட்டதல்ல (93:29). சூனியத்திலிருந்து உலகம் படைக்கப்பட்டது என்ற பாரம்பரியக் கிறிஸ்தவக் கொள்கையை ஜோசப் ஸ்மித் மறுத்தார். இயற்கைக்கும் இயற்கைக்கு அப்பாற்பட்டதற்கும் நடுவே மற்றச் சபைகள் எழுப்பும் சுவர் இங்கே மெலிந்துவிடுகிறது. புவியியலாளர் ஜேம்ஸ் டால்மேஜ் அப்போஸ்தலராக (சபையின் பன்னிரு உயர்தலைவரில் ஒருவராக) இருந்ததையும், வேதியியல் வினைவேகக் கோட்பாட்டுக்குப் பேர்போன ஹென்றி ஐரிங் கடைசிவரை சபை ஊழியராக இருந்ததையும் இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

7. ஒரு அதிகாரத்தை எப்படிப் படிக்கணும்? அவங்களுக்குன்னு ஏதாவது முறை இருக்கா?

எழுதி வைத்த விளக்கவியல் கிடையாது. முழுநேர ஊதிய போதகர்கள் ஊர்ச் சபைகளில் இல்லை, போதகரைத் தயாரிக்கும் இறையியல் கல்லூரிகளும் இல்லை. ஞாயிறு வகுப்பை நடத்துபவர் கணக்காளராகவோ செவிலியராகவோ இருப்பார். நான்கு ஆண்டுச் சுழற்சியில் எல்லா வேத நூல்களையும் வீட்டிலும் வகுப்பிலும் படிக்கிறார்கள்.

உருப்படியாகப் படிக்க விரும்பினால் இந்த வரிசை உதவும். அதிகாரத் தலைப்புச் சுருக்கத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஆங்கிலப் பதிப்பில் இன்று உள்ளவை 1979-81இல் வந்தவை, வேதமல்ல. பிறகு யார் யாரிடம் எப்போது பேசுகிறார் என்று பாருங்கள். கோ.உ.வில் இது மிக முக்கியம், ஏனெனில் பல பாகங்கள் ஒரு குறிப்பிட்ட மனிதரின் கேள்விக்குப் பதிலாக வந்தவை. அடுத்து அதே பொருள் மற்ற மூன்று நூல்களில் எப்படி வருகிறது என்று ஒப்பிடுங்கள். அதன் பிறகே 1 நேபி 19:23 சொல்வதுபோல் நம் வாழ்வோடு பொருத்திப் பார்ப்பது. வகுப்புகள் சொதப்புவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியிலிருந்து தொடங்குவதால்தான். மார்மன் புஸ்தகத்தின் தொடக்கத்தில் வரும் லேகியின் குடும்பம் ஏன் எருசலேமை விட்டது என்று தெரியுமுன்பே 'என் அலுவலகத்தில் எனக்கு நடந்தது' வந்துவிடும்.

8. தீர்க்கதரிசி சொல்லிட்டா அதுக்கு மேல யோசிக்கக் கூடாதாமே?

இந்தப் பேச்சுக்கு ஒரு மூலம் உண்டு. 1945 ஜூனில் சபை இதழில் வந்த ஒரு மாதச் செய்தி, தலைவர்கள் பேசிவிட்டால் சிந்தனை முடிந்தது என்ற பொருளில் எழுதியது. சால்ட் லேக் நகரின் யூனிடேரியன் போதகர் ஒருவர் கவலைப்பட்டுக் கேட்டபோது, அன்றைய சபைத் தலைவர் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் அது சபையின் நிலைப்பாடல்ல என்று அந்த டிசம்பரில் பதில் எழுதினார். ஆனால் மறுப்பு தனிக் கடிதத்தில் போனது, செய்தியோ இதழில் அச்சாகி வீடு வீடாகப் போனது. வாசகம் பிழைத்ததற்கு அதுவே காரணம்.

இரண்டு குரல்களும் மரபுக்குள் உண்டு என்பதே சரியான பதில். மக்கள் தாங்களே தேவனிடம் கேட்காமல் தலைவர்களைக் கண்மூடி நம்பிவிடுவார்களோ என்று தான் அஞ்சுவதாக, ஜோசப் ஸ்மித்துக்குப் பின் தலைவரான பிரிகாம் யங் 1862இல் பேசினார். வாழும் தீர்க்கதரிசி வேத நூல்களைவிட நமக்கு முக்கியம் என்று அப்போது மூத்த அப்போஸ்தலராக இருந்த எஸ்ரா டாஃப்ட் பென்சன் 1980இல் பேசினார். யாராவது இதில் ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டினால், மற்றதை மறைக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

9. அப்போ எது கோட்பாடு, எது தலைவரோட சொந்தக் கருத்து? எப்படிப் பிரிக்கிறது?

தீர்க்கதரிசி அந்தப் பணியில் செயல்படும்போது மட்டுமே தீர்க்கதரிசி என்று ஜோசப் ஸ்மித் 1843 பிப்ரவரியில் சொன்னார். எப்போது அப்படிச் செயல்படுகிறார் என்று அறிவதுதான் கடினம். ஒரு நூல் வேதமாவதற்கு முறை உண்டு: பிரதான தலைமையும் (சபைத் தலைவரும் அவருடைய ஆலோசகர்களும்) பன்னிரு அப்போஸ்தலரும் ஒருமித்து ஏற்க வேண்டும், பிறகு பொது மாநாட்டில் உறுப்பினர்கள் கை உயர்த்தி ஆதரிக்க வேண்டும். 1976 ஏப்ரலில் இரண்டு தரிசனங்கள் இப்படிச் சேர்ந்தன, அவையே இன்று கோ.உ. 137, 138. சேர்ப்பதுபோல் நீக்குவதும் நடந்திருக்கிறது. 1835 முதல் கோ.உ.வில் இருந்த 'விசுவாசம் பற்றிய சொற்பொழிவுகள்' ஏழும் 1921 பதிப்பில் எடுக்கப்பட்டன.

நான்கு வேத நூல்கள் முதல் படி. பிரதான தலைமையும் பன்னிருவரும் சேர்ந்து கையெழுத்திட்ட பிரகடனம் அடுத்த படி. எல்லாரும் பல காலமாக ஒரே குரலில் போதிப்பது அதற்கடுத்தது. தனி ஒருவரின் மாநாட்டு உரை, புத்தகம், கடிதம் எல்லாம் அதற்குக் கீழே. பிரிகாம் யங் 1852 முதல் போதித்த ஆதாம்-தேவன் கருத்தை (ஆதாமே நம் தேவன் என்பதை) 1976இல் அன்றைய தலைவர் ஸ்பென்சர் கிம்பால் பொய்க் கோட்பாடு என்று மறுத்தார். தேவனும் ஒரு காலத்தில் மனிதராக இருந்தார் என்னும் 1844ஆம் ஆண்டுப் பிரசங்கம் எவ்வளவு புகழ்பெற்றிருந்தாலும் இன்றுவரை வேதத் தொகுப்பில் இல்லை. இந்த ஏணி எங்கே சறுக்குகிறது என்பதைக் கேள்வி 14இல் பாருங்கள்.

10. காபி, டீ குடிக்கக் கூடாதுன்னு வேதத்துல எங்க இருக்கு?

கோ.உ. 89இல். காபி என்றோ டீ என்றோ அங்கே இல்லை. 'சூடான பானங்கள்' என்றுதான் இருக்கிறது. மார்மன் வேத விளக்கம் நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1833 பிப்ரவரி 27 அன்று வந்த இந்த 'ஞான வார்த்தை', கட்டளையாகவோ கட்டாயமாகவோ அல்ல என்று தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. சூடான பானம் என்றால் டீயும் காபியும்தான் என்று ஜோசப் ஸ்மித்தின் அண்ணன் ஹைரம் ஸ்மித் 1842இல் விளக்கினார். யூட்டாவில் குடியேறிய முதல் தலைமுறையில் பலர் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1920களின் தொடக்கத்தில், தலைவர் ஹீபர் கிராண்ட் காலத்தில்தான் ஆலயத்துக்குள் (ஞாயிறு கூடும் இடமல்ல, சிறப்புச் சடங்குகளுக்கான கட்டடம்) செல்லும் அனுமதிக்கு அது கட்டாயமானது. அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதே பாகத்தில் மாம்சத்தைச் சிக்கனமாக, குளிர்காலத்திலும் பஞ்சத்திலும் மட்டும் உண்பது நல்லது என்றும் இருக்கிறது. அதை யாரும் பரிசோதிப்பதில்லை. நற்கருணைக்குச் சொந்தமாகச் செய்த திராட்சரசம் ஆகும் என்கிறது, இன்று தண்ணீர்தான். காஃபின் தடை என்று பலர் நம்பினார்கள். அப்படி இல்லை என்று சபை 2012இல் தெளிவுபடுத்தியது, 2017இல் சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழக வளாகத்திலேயே காஃபின் உள்ள கோலா விற்பனைக்கு வந்தது. ஐஸ் டீ சூடாக இல்லையே என்று கேட்ட இளைஞர்களுக்கு 2019இல் சபை இதழ் 'அதுவும் கூடாது' என்றது. வசனத்தின் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் இந்த வரிசை எதுவும் புரியாது. வசனம், காலந்தோறும் தலைமை தந்த விளக்கம், சபையார் நடைமுறையில் ஏற்றது ஆகிய மூன்றும் சேர்ந்தே பொருளை நிர்ணயித்திருக்கின்றன.

11. பரிணாமக் கொள்கையை ஏத்துக்கிறாங்களா?

அதிகாரபூர்வ நிலைப்பாடு இல்லை. 1909இல் பிரதான தலைமை வெளியிட்ட அறிக்கை ஆதாமே மனித குலத்தின் ஆதித் தகப்பன் என்றது, மனிதன் கீழ் உயிர்களிலிருந்து வந்தான் என்பதை மனிதரின் ஊகம் என்றது. 1911இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பரிணாமமும் வேத விமர்சன ஆய்வும் போதித்த ஆசிரியர்கள் வேலையை விட நேர்ந்தது. 1925இல் அறிக்கை சுருக்கி மறுபடி வந்தபோது அந்த 'ஊகம்' வரிகள் அதில் இல்லை.

1930-31இல் சபையின் உயர்நிலைத் தலைவர்களான பி.எச். ராபர்ட்ஸுக்கும் ஜோசப் ஃபீல்டிங் ஸ்மித்துக்கும் பெரிய தகராறு. ஆதாமுக்கு முன் பூமியில் மரணம் இருந்ததா என்பது பொருள். இல்லை என்பவருக்கு 2 நேபி 2:22 துணை, உண்டு என்பவருக்குப் புதைபடிவங்கள் துணை. பிரதான தலைமை இரண்டையும் கோட்பாடாக ஏற்க மறுத்து, புவியியல், உயிரியல், தொல்லியல், மானுடவியல் ஆகியவற்றை அறிவியல் ஆய்வுக்கே விட்டுவிடும்படி எழுதியது. 1931 ஆகஸ்டில் டால்மேஜ் ஆதாமுக்கு முந்தைய உயிரினங்களைப் பற்றிப் பொதுமேடையில் பேசினார். இன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையில் பரிணாமம் வழக்கமான பாடம். ஞாயிறு வகுப்பில் எதிர்ப்பு கேட்டால் வியக்க வேண்டாம், அங்கே பேசுவது கேள்வி 9இன் ஏணியில் கீழ்ப்படி.

12. மார்மன் புஸ்தகம் நடந்த கதையா? குதிரை, எஃகு, டி.என்.ஏ. எல்லாம் இடிக்குதே?

நடந்த வரலாறு என்பதே சபையின் போதனை: கி.மு. 600 அளவில் எருசலேமிலிருந்து லேகி என்பவர் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். ஆதரவான நேரடித் தொல்லியல் சான்று இல்லை, பொதுத் தொல்லியல் அறிஞர்கள் இதை ஏற்பதில்லை. அமெரிக்கக் குதிரைகள் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அழிந்து, ஸ்பானியரோடுதான் திரும்பின. பூர்வகுடிகளின் மரபணு பெரும்பாலும் ஆசியாவைக் காட்டுகிறது.

நூல் எவ்வளவு சொல்கிறது என்பதைப் பாதுகாப்பவர்கள் குறுக்கிப் படிக்கிறார்கள். லேகியின் கூட்டம் சிறியது, ஒரு சிறு பகுதியில் வாழ்ந்தது, ஏற்கெனவே இருந்த மக்களோடு கலந்தது. 1981 முன்னுரையில் லாமானியர் (லேகியின் வழிவந்த ஒரு பிரிவினர்) அமெரிக்க இந்தியரின் 'முதன்மை மூதாதையர்' என்றிருந்தது. 2006-07இல் 'மூதாதையரில் அடங்குவர்' என்று மாறியது. முன்னுரை வேதமல்ல என்பதால் மாற்ற முடிந்தது. மரபணு வாதத்துக்கு இந்தக் குறுக்கல் ஓரளவு பதில். குதிரை என்றது வேறொரு விலங்கு என்பது போன்ற விளக்கங்கள் ஊகமாகவே நிற்கின்றன, எங்கள் பார்வையில் அவற்றின்மேல் விசுவாசத்தைக் கட்டுவது விவேகமில்லை. நடந்த இடம் எது என்பதில் சபைக்கு அதிகாரபூர்வக் கருத்து இல்லை.

13. ஏசாயா 40-க்கு அப்புறம் எழுதினது பாபிலோன் காலத்துலன்னு அறிஞர்கள் சொல்றாங்க. கி.மு. 600-ல கிளம்பின லேகிகிட்ட அது எப்படி இருந்துச்சு?

பழைய கேள்விகளில் மிகக் கடினமானது இது. குதிரையைவிடக் கடினம். 1 நேபி 20-21 என்பது ஏசாயா 48-49. மோசியா 14 என்பது ஏசாயா 53. மூன்று வகைப் பதில்கள் இருக்கின்றன. ஏசாயா முழுவதும் ஒரே தீர்க்கதரிசி முன்னறிந்து எழுதியது என்பது மரபான பதில், பல சுவிசேஷ சபையாரும் இதையே சொல்வார்கள். அந்த அதிகாரங்களின் மூலப் பகுதிகள் பாபிலோன் சிறையிருப்புக்கு முன்பே இருந்திருக்கலாம் என்பது இரண்டாவது. பண்டைய மூலம் ஒன்று உண்டு, ஆனால் ஜோசப் ஸ்மித் அதைத் தன் காலத்து வேத மொழியில் விரித்துத் தந்தார் என்பது மூன்றாவது. சபை உறுப்பினரான பிளேக் ஆஸ்லர் 1987இல் இதை வாதித்தார்.

மூன்றாவது பதில் அதிகம் விளக்குகிறது. கிங் ஜேம்ஸ் பதிப்பின் நடை அப்படியே வருவதும், 3 நேபி 12-14 மத்தேயு 5-7ஐ ஒட்டி வருவதும் அதில் அடங்கும். ஆனால் எந்த வரி பழையது, எந்த வரி விரிவு என்று பிரிக்க அதனிடம் அளவுகோல் இல்லை.

ஆபிரகாம் நூலுக்கும் கிட்டத்தட்ட இதே நிலைமை. 1835இல் மம்மிகளோடு வாங்கிய பப்பிரஸ் சுருள்களிலிருந்து வந்ததாகச் சொல்லி 1842இல் வெளியானது, 1880இல் வேதமாக ஏற்கப்பட்டது. 1967இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அதன் துண்டுகளைச் சபையிடம் தந்தது. எகிப்தியவியலாளர்கள் படித்துப் பார்த்ததில் அவை இறந்தவர்களுக்கான சடங்கு நூல்கள், ஆபிரகாம் பற்றி ஒன்றும் இல்லை. துண்டுகளின் எழுத்து நூலோடு பொருந்தவில்லை என்பதைச் சபையின் 2014 கட்டுரையே ஒத்துக்கொள்கிறது. தொலைந்த சுருளில் இருந்திருக்கலாம், அல்லது பப்பிரஸ் வெளிப்படுத்தலுக்குத் தூண்டுகோல் மட்டுமே என இரண்டு வழிகளை அது காட்டுகிறது.

14. 1978 வரைக்கும் கறுப்பினத்தவருக்கு ஆசாரியத்துவம் கிடையாதாமே. அதை எந்த வசனத்தை வச்சு நியாயப்படுத்தினாங்க?

ஆசாரியத்துவம் என்பது இங்கே தகுதியுள்ள ஆண் உறுப்பினர்களுக்குத் தரப்படும் சடங்கு அதிகாரம். அதை மறுக்கக் காட்டியவை காயீனின் அடையாளம் (ஆதியாகமம் 4), கானானின் சாபம் (ஆதியாகமம் 9), பார்வோனின் வம்சத்துக்கு ஆசாரியத்துவ உரிமை இல்லை என்னும் ஆபிரகாம் 1:26-27 ஆகியவை. இவை எதிலும் தடை நேரடியாக இல்லை. முதல் இரண்டும் அமெரிக்க அடிமை முறையை ஆதரித்த புராட்டஸ்டண்டுகள் முன்பே கையாண்டவை. கறுப்பினத்தவரான எலைஜா ஏபல் 1836இல் ஆசாரியத்துவ நியமனம் பெற்றிருந்தார். பிரிகாம் யங் 1852இல் தடையை அறிவித்தார். கறுப்பரும் வெள்ளையரும் தேவனுக்குச் சமம் என்னும் 2 நேபி 26:33 அத்தனை ஆண்டுகளும் அதே தொகுப்பில் இருந்தது.

கேள்வி 9இன் ஏணி சறுக்குவது இங்கே. இது தனி ஒருவர் கருத்தாக இருந்து மறையவில்லை. 1949இல் பிரதான தலைமையின் அறிக்கை இதை வெறும் கொள்கையல்ல, தேவ கட்டளை என்றது. 1978 ஜூனில் தடை நீங்கியது. அந்த ஆகஸ்டில் அப்போஸ்தலர் புரூஸ் மெக்காங்கி, தான் உட்பட யார் முன்பு மாறாகச் சொல்லியிருந்தாலும் மறந்துவிடுங்கள் என்றார். காரணமாகச் சொல்லப்பட்ட கதைகளைச் சபை 2013 டிசம்பர்க் கட்டுரையில் கைவிட்டது. தடையே தவறா என்று அந்தக் கட்டுரை நேராகச் சொல்வதில்லை. 1973இல் லெஸ்டர் புஷ் என்ற உறுப்பினர் ஆவணங்களைத் தோண்டி, தடைக்கு ஜோசப் ஸ்மித் காலத்து வெளிப்படுத்தல் எதுவும் ஆதாரமாக இல்லை என்று காட்டியது தலைமை படித்த ஆய்வுகளில் ஒன்று. படிப்பும் வெளிப்படுத்தலும் சேர்ந்து நடப்பதற்குச் சபைக்குள்ளிருந்து காட்டத்தக்க வலுவான சான்று அதுவே.

15. இதெல்லாம் வெளிப்படையா கேட்டா சபையை விட்டு நீக்கிடுவாங்களா?

கேட்பதற்காக நீக்குவதில்லை. சபைக் கையேடு குறிப்பிடுவது, தலைமையையும் போதனையையும் திட்டமிட்டுப் பொதுவெளியில் தொடர்ந்து எதிர்ப்பதையும், ஆயர் (ஊர்ச் சபையின் தலைவர்) திருத்திய பிறகும் வேறொன்றைக் கோட்பாடாகப் போதிப்பதையும்தான். கோட்டை எங்கே போடுவது என்பது ஊர்த் தலைவர் கையில் இருப்பதால் இடத்துக்கு இடம் மாறும். 1993 செப்டம்பரில் எழுத்தாளர், அறிஞர் ஆறு பேர்மீது அடுத்தடுத்து நடவடிக்கை வந்தது, ஐவர் நீக்கப்பட்டனர். அந்த அச்சம் ஒரு தலைமுறை நீடித்தது. பிறகு சபையே 2013-15இல் சிக்கலான பொருள்கள் பற்றிக் கட்டுரைகளையும், 2008 முதல் 2023 வரை ஜோசப் ஸ்மித்தின் ஆவணங்களை 27 தொகுதிகளாகவும் வெளியிட்டதால், முன்பு கிசுகிசுத்த பல விஷயங்களை இன்று சபை வெளியீட்டையே காட்டிப் பேசலாம்.

16. மார்மன் புஸ்தகம் வரலாறு இல்லன்னு ஒருத்தர் நினைச்சா, உறுப்பினரா இருக்க முடியுமா?

ஞானஸ்நான நேர்காணலிலும் ஆலய அனுமதி நேர்காணலிலும் தேவன், கிறிஸ்து, ஜோசப் ஸ்மித் மூலம் வந்த மறுசீரமைப்பு (ஆதிச் சபை திரும்ப நிறுவப்பட்டது என்னும் நம்பிக்கை), இன்றைய தலைவரைத் தீர்க்கதரிசியாக ஆதரிப்பது ஆகியவை பற்றிக் கேட்பார்கள். குதிரை, பரிணாமம், ஏசாயா பற்றி எந்தக் கேள்வியும் இல்லை. ஆகவே இருக்கிறார்கள், அமைதியாக. வகுப்பு எடுக்கும் பொறுப்பில் இருந்துகொண்டு அதையே போதித்தால் ஆயரின் அழைப்பு வரும்.

யூட்டா சபையின் எல்லைக்கு வெளியே இன்னொரு வழியும் உண்டு. 1860இல் ஜோசப் ஸ்மித்தின் மகன் தலைமையில் அமைந்த கிளை, இன்று மிசௌரியில் கம்யூனிட்டி ஆஃப் கிரைஸ்ட் என்ற பெயரில் இயங்குகிறது. மார்மன் புஸ்தகத்தை வேதமாக வாசிக்கிறது, அதை வரலாறாக நம்ப வேண்டும் என்று உறுப்பினர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. கேள்வி 2இல் சொன்ன கையெழுத்துப் படிகளை நெடுங்காலம் வைத்திருந்தது அந்தச் சபைதான். 2024 மார்ச்சில் கர்ட்லாந்து ஆலயத்தோடு அவற்றையும் சேர்த்து யூட்டா சபை 19.25 கோடி டாலருக்கு வாங்கியது.